இறால் பண்ணைக்கு மேலே ஒரு ஜேர்மன் படம்

வெளிநாட்டிலிருந்து வாடகைக்குக் கொண்டுவரப்பட்ட திரைப்படப் பிரதி, காட்சி உரிமைக் காலம் முடிந்ததும், ஒன்றில் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்பட வேண்டும். இல்லையேல் சுங்க அலுவலர் ஒருவரின் முன்னிலையில் கோடரியால் வெட்டி அழிக்கப்பட வேண்டும். நான் கொழும்புச் சுங்கத்தில் சேர்ந்த காலத்தில் இந்த விதி நடைமுறையில் இருந்தது. அந்தக் கோடரியையும் பார்த்திருக்கிறேன். பிடியில் வெள்ளை மையால் இலக்கம் எழுதிக் களஞ்சியத்தின் மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் பொருட்களை எண்ணும்போது அதையும் எண்ணுவார்கள். யாரும் அதைத் தூக்கி நான் கண்டதில்லை.

அந்தக் கோடரியை ஒருவர் ஒரேயொரு தடவை தூக்கியிருந்தால், ஓய்வு பெற்று மகளோடு ஜேர்மனியில் குடியிருக்கும் நான், நோன்பு மாதத்தில், 'வயது வந்தோருக்கு மட்டும்' படமொன்றைத் தேடிப் புத்தளம் கடற்கரையில் அலைந்திருக்க மாட்டேன்.

படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் ஜேர்மனியர்கள் இந்த வகையில் நிறையப் படங்கள் எடுத்தார்கள். இதில் ஆறு தனித்தனிக் கதைகள். ஆறிலும் நடப்பது ஒன்றுதான்: யாரோ கதவைத் தட்டுவார், திறப்பவர் அப்போதுதான் குளித்துக்கொண்டிருந்திருப்பார். ஒவ்வொரு கதைக்கும் முன்னால் கண்ணாடி போட்ட வைத்தியர் ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, இது சமூகத்தின் அறிவு வளர்ச்சிக்காகக் காட்டப்படுகிறது என்று சொல்வார். அரச சேவையில் நான் கேட்ட எந்த முன்னுரையையும்விட அது சுருக்கமானது. நம்பத்தக்கதாகவும் அதே அளவில்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் திருமதி ஹெல்கா குடியிருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். படிக்கட்டுக் கழுவும் முறையை இந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான் தவறாமல் பின்பற்றுகிறேன் என்பதால் என்மேல் மதிப்பு வைத்திருப்பவர். இளவயதில் அந்தப் படத்தில் உடைகளுக்குப் பொறுப்பான தையல் உதவியாளராக இருந்திருக்கிறார். "அந்தப் படத்தில் அதைவிட ஓய்வான வேலை கிடையாது" என்று அவரே சொல்வார்.

ஆறாவது கதையை ஒரு மலைக்கிராமத்தில் எடுத்தார்களாம். தபால்காரன் வேடத்துக்கு வரவேண்டிய நடிகர் வரவில்லை. ஊரின் உண்மையான தபால்காரரையே சைக்கிளோடு பிடித்துவந்தார்கள். சைக்கிளில் வருவேன், கடிதம் கொடுப்பேன், அதற்கு மேல் ஒன்றும் செய்யமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். சீருடை அரசாங்கத்தின் சொத்து, அதைக் கடமை நேரத்தில் கழற்றும் அதிகாரம் தனக்கு இல்லையாம். அவரை நான் சந்தித்ததேயில்லை. இதைக் கேட்டபோது சந்தித்தது போலிருந்தது. அவர் பெயர் வில்லி. ஹெல்கா அவரைத்தான் மணந்துகொண்டார்.

வில்லி இறந்து பல வருடங்களாகிவிட்டன. புகைப்படங்கள் இருக்கின்றன. அவர் அசைகிற படம் உலகத்தில் அது ஒன்றுதான். ஆறாவது கதையில் தபால்காரன் வெறுமனே கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவதால் சுவாரசியம் குறைவென்று, ஜேர்மனியில் பிறகு வந்த பிரதிகளில் அந்தக் கதையையே நீக்கிவிட்டார்கள். ஹெல்காவுக்கோ கண்ணின் நடுப்பார்வை அழிந்துகொண்டு வருகிறது. வரும் குளிர்காலத்துக்குள் முகங்கள் தெரியாமல் போகும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். படத்தில் வந்த வைத்தியர் அல்ல, உண்மையானவர்.

"வில்லி சைக்கிள் ஓட்டுவதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்" என்றார் ஹெல்கா. இதுதான் என் பயணத்தின் காரணம்.

பழைய படங்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் சங்கம் ஒன்று எங்கள் ஜேர்மன் ஊரில் உண்டு. ஆறு கதைகளும் கொண்ட பிரதியொன்று இலங்கைக்குப் போனதென்றும், கடைசியாகப் புத்தளம் பக்கத்து தியேட்டர் ஒன்றில் ஓடியதென்றும் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு வேண்டியது வில்லி அல்ல. தபால்காரன் போனபிறகு வைக்கோல் களஞ்சியத்தில் நடப்பவற்றில் ஒரு நடிகை வருகிறார்; அவர் பின்னாளில் தொலைக்காட்சித் தொடரொன்றில் கண்டிப்பான நீதவானாக நடித்துப் புகழ்பெற்றவராம். அந்த வைக்கோல் காட்சி கலாசார வரலாற்றுக்கு மிக முக்கியமானது என்று சங்கத்தின் செயலாளர் முகம் மாறாமல் சொன்னார்.

புறப்படுமுன், பழைய பிரதியை வெளியே எடுத்துச்செல்ல அனுமதி கோரிக் கொழும்பு அலுவலகம் ஒன்றுக்குப் பதிவுத் தபாலில் விண்ணப்பித்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை. வராது என்றும் தெரியும். ஆனால் விண்ணப்பிக்காமல் பதில் வராதிருப்பது வேறு, விண்ணப்பித்துவிட்டுப் பதில் வராதிருப்பது வேறு. இரண்டாவது வகையில்தான் மனிதன் நிம்மதியாகத் தூங்கலாம்.

முதல் நாள், புத்தளத்துக்கு முன்னால் வரும் முந்தல் என்ற ஊருக்குப் போனேன். தியேட்டர் மூடப்பட்டபோது அதன் கூரைத் தகடுகளை அங்கே இறால் பண்ணை வைத்திருக்கும் மர்சூக் ஹாஜியார் வாங்கினார் என்றும், தகடுகளோடு படப்பெட்டிகளும் போயிருக்கலாமென்றும் தகவல்.

சிலாபத்தைத் தாண்டியதும் பஸ்ஸின் பின்சில்லுக் காற்றுப் போய்விட்டது. ஜேர்மனியில் ரயில் வழியில் நின்றால் எல்லோரும் தொலைபேசியைப் பார்த்தபடி மௌனமாக அரசாங்கத்தை வெறுப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கி மேற்பார்வையாளராகிவிட்டார்கள். சாரதியிடம் ஜாக்கி இல்லை. எங்களை முந்துவதற்காக அரை மணி நேரமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்த எதிரி பஸ்ஸே நின்று ஜாக்கி கொடுத்தது. கொடுத்துவிட்டு எங்கள் பயணிகளில் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டும் போனது. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். "இந்த மாமா வெளிநாடு. சப்பாத்தைப் பார்." "முகத்தைப் பார்த்தால் இங்கத்தைய அரசாங்கக் கந்தோர்க்காரன் மாதிரி இருக்கே." இரண்டும் சரிதான் என்று சிங்களத்திலேயே சொன்னேன். இருவரும் என் சப்பாத்தை விட்டுச் சில்லைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

நோன்பு காலமென்பதால் முந்தலில் பாதிச் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருந்தன. திறந்திருந்த சிங்களக் கடையொன்றில் பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுப் பண்ணைக்குப் போனேன். ஹாஜியார் அறுபது வயது மதிக்கத்தக்க, பருத்த, மரியாதையான மனிதர். குளக்கட்டில் இரண்டு கதிரை போட்டு என்னை உட்காரவைத்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் பார்வை என் முகத்திலிருந்து குளத்து நீருக்கு இறங்கியது.

"சேர், நோன்போட இந்தக் கதை வேணாம்" என்றார். "நோன்பு தொறந்தாப் பொறகு கதைப்பம்."

அதை என்னால் மறுக்க முடியவில்லை. உரிய நேரத்துக்கு முன் விசாரணை எடுப்பதில்லை என்பது நானும் அறிந்த ஒழுங்குதான். சூரியன் மறையும்வரை இறாலின் தீனி, இறாலின் நோய், இறாலுக்கு எதிரான சட்டங்கள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். குளங்களுக்குக் குறுக்கே கம்பத்துக்குக் கம்பம் நீண்ட நாடாக்கள் கட்டியிருந்தன. காற்றில் அவை விர்ரென்று அதிர்ந்தன. நீர்க்காகங்கள் வராமலிருக்கவாம். எழுந்து போய் ஒன்றைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே வைத்துப் பார்த்தேன். இரண்டு ஓரத்திலும் சதுரத் துளைகள். நடுவில் ஒன்றுமில்லை. உப்புக் காற்றும் வெயிலும் ஒரு வருடத்தில் படத்தை முழுதாகக் கழுவியிருந்தன.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ஈத்தம்பழமும் தண்ணீரும், பிறகு இறால் போட்ட கஞ்சியும் வந்தன. பாணும் பருப்பும் சாப்பிட்ட குற்றவுணர்வோடு இரண்டு கோப்பை குடித்தேன். மூன்றாவது கோப்பையில் ஹாஜியார் வாக்குமூலத்தை ஆரம்பித்தார்.

பெட்டிகளில் என்ன படமென்று அவர் பார்க்கவில்லை. நீளமாக, மினுங்கலாக இருந்தது, பறவைக்கு நல்லதென்று கட்டினார். முதற்கிழமை நீர்க்காகம் ஒன்றுகூட வரவில்லை. இரண்டாங்கிழமை ஊர்ப் பெடியன்கள் வரத் தொடங்கினார்கள். இறாலில் இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்ததென்று அவருக்கு விளங்கவில்லை. ஒருவன் நாடாவைப் பிடித்துச் சூரியனுக்கு நேரே வைத்துக்கொண்டு நிற்பதைப் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் கண்டு வந்து சொன்னபோதுதான் விளங்கியது.

"எல்லாத்தையும் பத்த வெச்சிடத்தான் நெனச்சேன்" என்றார். "ஆனா சேர், பாதிக்கு மேல நல்ல படம் ஈக்கி. மல, மாடு, டாக்டர் ஒருத்தர். அத எரிக்கிறது வீண்விரயம் இல்லையா?"

வீண்விரயம் மார்க்கத்தில் கூடாது. ஆபாசமும் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஹாஜியார் ஒரு வழி கண்டுபிடித்தார். புத்தளம் டவுனில் தையல் கடை வைத்திருக்கும் ஜெஸீமா என்ற பெண்ணிடம் பெட்டிகளைக் கொடுத்து, கெட்டதை வெட்டி எடுத்துவிட்டு நல்லதை ஒன்றாகச் சேர்த்துத் தரச் சொன்னார். கெட்டது தென்னம் மட்டையோடு எரிந்தது. நல்லதில் ஒரு பகுதிதான் குளத்துக்கு மேலே நான் பார்த்தது. மீதி ஜெஸீமாவிடமே இருந்துவிட்டது.

அரசாங்கம் தன் கோடரியைத் தூக்க மறந்த படத்துக்கு, ஒரு தனிமனிதர் சொந்தச் செலவில் தணிக்கைச் சபை நடத்தியிருக்கிறார். சங்கத்தின் வைக்கோல் காட்சி போனது. வில்லி எரிந்தாரா, வெயிலில் அழிந்தாரா, இன்னும் மீதியில் இருக்கிறாரா என்பது மட்டும் தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலை புத்தளம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கழுதைகள் வழக்கம்போல் நடுவீதியில் நின்றன. வாகனங்கள் அவற்றைச் சுற்றிப் போயின. ஜேர்மனியில் இதற்கு ஒரு பலகை வைத்து, பலகைக்கு ஒரு குழு அமைத்திருப்பார்கள்.

ஜெஸீமாவின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. பெருநாள் சட்டைகள் கூரைவரை தொங்கின. நாற்பத்தைந்து வயதிருக்கும். தொண்ணூறில் முஸ்லிம்கள் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டபோது சிறுமியாகத் தாயோடு வந்தவர். என்னை இருக்கச் சொன்னார், ஆனால் தையல் மெஷினை நிறுத்தவில்லை. நோன்போடு அந்தக் கதை பேசலாமா என்று நானே கேட்டுவைத்தேன்.

"நான் நோன்புக்கு எத்தனையோ மாசம் முந்திச் செஞ்ச வேல சேர். வேலயப் பத்திக் கதைக்கிறதில என்ன? ஹாஜியாருக்கு இறாலப் பத்திக் கதைச்சாலே வெக்கம் வரும்."

ஜன்னலில் வெள்ளைச் சீலை கட்டி, மணிக்கூடு திருத்துபவர்கள் கண்ணில் பொருத்தும் வில்லையை இரவல் வாங்கி, முழுப் படத்தையும் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறார். அவர் வகுத்த விதி எளிமையானது. கழுத்துக்குக் கீழும் முழங்காலுக்கு மேலும் சட்டை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டது. சந்தேகமென்றால் கெட்டது. நான் பணியாற்றிய எந்தத் திணைக்களத்திலும் இவ்வளவு தெளிவான சுற்றறிக்கை வந்ததில்லை. ஹாஜியார் நீளமாகக் கேட்டபடியால், நல்ல துண்டுகளை மெஷினில் போட்டு நூலால் தைத்துச் சேர்த்திருக்கிறார். திரைப்படத்தைத் தையல் மெஷினில் தைத்த வேறொருவரை நான் கேள்விப்பட்டதில்லை. மணம்தான் பொறுக்க முடியவில்லையாம். பழைய படச்சுருள் வினாகிரிபோல் மணக்கும். அந்த மாதம் வாடிக்கையாளர்கள் எல்லோரும் அவர் ஊறுகாய் போடுவதாக நினைத்தார்களாம்.

படம் எப்படியென்று கேட்டேன்.

"ஒரு கதையும் இல்ல சேர். கதவத் தொறக்கிறாங்க, மூடுறாங்க. கண்ணாடி போட்ட டாக்டர் ஒருத்தர் ஆறு தரம் வந்தாரு. ஒருத்தரையும் குணமாக்கல்ல."

தபால்காரன் ஒருவன் வந்தானா என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் சுங்க அலுவலரின் குரலாக இல்லை. மெஷின் நின்றது.

"சைக்கிள்ல? ஓம், ஓம். முழுப் படத்திலயும் வந்த வேலயச் செஞ்சிட்டுப் போன மனுசன் அவன் ஒருத்தன்தான். அவன்ட துண்டுல நான் ஒண்டும் வெட்டல்ல. ஒரு பொத்தான்கூடக் கழண்டிருக்கல்ல."

அவர் மனைவி ஹெல்காவுக்காகத்தான் தேடுகிறேன் என்றேன். ஜெஸீமா வேறொன்று சொன்னார். கடிதத்தைக் கொடுக்கும்போது தபால்காரன் ஒரு கணம் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கிறானாம். கடிதம் வாங்குகிற பெண்ணை அல்ல. படத்தில் தெரியாத வேறு யாரையோ. "அத நான் வில்ல போட்டு எத்தினயோ தரம் பாத்தன். ஏதோ ஒண்டு நடக்கப் போகுது, அதுக்குக் காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி. அங்க போய் அந்த அம்மாக்கிட்டக் கேட்டுச் சொல்லுவீங்களா சேர்? அவன் யாரப் பாக்கிறான்?"

சொல்வதாக ஒப்புக்கொண்டேன். துண்டு எங்கே என்றேன். அவர் தம்பி நஸீர் எலுவன்குளத்தில் குத்தகைக்கு வயல் செய்கிறார். கதிர் பால் பிடித்ததும் கிளிக்கூட்டம் இறங்குமாம். அதனால் மீதி நாடா முழுவதையும் போன கிழமை அங்கே அனுப்பிவிட்டார். தொலைபேசியில் அழைத்தார். பேசப் பேச அவர் முகம் மாறியது.

"இண்டைக்கு அந்திக்குக் கட்டுறானாம். கம்பத்துக்குக் கம்பம் அளந்து வெட்டித்தான் கட்டுவானாம். வெட்ட வேணாம் எண்டன். கிளி காத்துக்கிட்டு நிக்குமா எண்டு கேக்கிறான்." என்னைப் பார்த்தார். "வெறுங்கையோட போகாதீங்க சேர். அவன் பிடிவாதக்காரன். அதுக்குப் பதிலா ஒண்டு குடுத்தாத்தான் தருவான்."

பதிலுக்கு என்ன கொடுப்பது? அதே சந்தில் படம் விற்கும் கடை ஒன்று மூடுவிழாவில் இருந்தது. இப்போது எல்லோரும் தொலைபேசியில் பார்க்கிறார்கள். கடைக்காரர் விற்காத சீடி இறுவட்டுகளை உரச்சாக்கொன்றில் கட்டி வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு போனால் போதும், குப்பை வண்டிக்காரன் வாங்கமாட்டேன் என்கிறான் என்றார். படத்துக்குப் படம். பண்டமாற்றில் இதைவிட நேர்மையான வகைப்படுத்தல் கிடையாது.

முச்சக்கர வண்டி ஓட்டிய சுனிலுக்குத் தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்தில் வரும். எலுவன்குளத்துக்கு எதற்கு என்று கேட்டார். வயலுக்கு என்றேன். சாக்கில் என்ன என்றார். படம் என்றேன். அதற்குப் பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். வழியில் பற்றைக்காட்டு நடுவே கிளச் கம்பி அறுந்தது. சுனில் இறங்கி வண்டியைச் சுற்றி நடந்து, காட்டைப் பார்த்து, இந்த இடத்தில் யானை குறுக்கே போகும், ஆனால் இன்னும் நேரமிருக்கிறது என்று ஆறுதல் சொன்னார். என்னிடமிருந்த ஒரே உபகரணம் என் சப்பாத்து நாடா. ஜேர்மன் தயாரிப்பு, பத்து வருட உத்தரவாதம். அதைக் கட்டி இழுத்து இழுத்துக் கியரை மாற்றியபடி மீதி வழியைக் கடந்தோம். பஸ்ஸில் அந்தப் பெண்கள் பார்த்த அதே சப்பாத்து. ஒன்று கட்டியும் ஒன்று அவிழ்ந்தும் வயல்வரம்பில் இறங்கினேன்.

நஸீர் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். ஒரு முனை கம்பத்தில் கட்டப்பட்டிருந்தது. தோளில் சுருள், கையில் கத்தரி. மேற்கே சூரியன் காட்டு மரங்களுக்குச் சற்று மேலே நின்றது. ஓட முடியாத வயதில் ஓடினேன். நான் போய்ச் சேருமுன் ஒரு வெட்டு விழுந்துவிட்டது.

"ஐயா, மெதுவா" என்றார் அவர். "வரம்பு உடையும்."

மூச்சு வாங்கியபடி விடயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்த ஜேர்மன் அம்மாவுக்காக மிகவும் வருத்தப்பட்டார். ஆனால் தன் நெல் கிளிக்குப் போனால் அந்த அம்மா அரிசி அனுப்புவாவா என்றும் கேட்டார். சாக்கை அவிழ்த்து ஒரு இறுவட்டைக் கொடுத்தேன். வெயிலில் பிடித்துத் திருப்பினார். ஒளிப்பொட்டு வயலின் மேலே ஓடி மறுகரையில் இருந்த கிளிக்கூட்டத்தின் மேல் விழுந்தது. கூட்டம் கிளம்பியது. அவர் முகம் தெளிந்தது. உடனே மறுபடி சுருங்கியது.

"இதிலயும் படம் இருக்கும்தானே? அது என்ன படம்?"

அக்காவின் தம்பிதான். லேபிள்களை வாசித்துக் காட்டினேன். குடும்பப் படங்கள், ஒரு சாமிப்படம், ஆங்கிலம் பேசக் கற்பித்தல். லேபிள் இல்லாதவை பாதிக்கு மேல். அவர் தயங்கினார். சூரியன் தயங்கவில்லை. நான் நிமிர்ந்து நின்று, முப்பத்தைந்து வருடம் மேசைக்குப் பின்னாலிருந்து பேசிய குரலில், கருவியில்லாமல் பார்க்க இயலாத படம் வயலில் தொங்கும் வேளையில் படமாகக் கருதப்படமாட்டாது என்று தீர்ப்புச் சொன்னேன். அப்படியொரு விதி எங்குமில்லை. ஆனால் விதியை யாரும் வாசிப்பதில்லை, குரலைத்தான் கேட்கிறார்கள். நஸீர் சுருளைத் தோளிலிருந்து இறக்கினார்.

நோன்பு திறக்கும் நேரம் வந்தது. வரம்பில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஈத்தம்பழம், ஒரே போத்தல் தண்ணீர். சுனிலும் ஒன்று எடுத்துக்கொண்டார். கடைசி வெளிச்சத்தில் நாடாவைக் கண்ணருகே கொண்டுபோனேன். நிறங்கள் மங்கி எல்லாமே ரோசாவாகியிருந்தது: ரோசா மலை, ரோசா மாடு. அதன் நடுவே சீருடையில் ஒரு மனிதன், கழுத்துவரை பொத்தான் பூட்டி, மலைச்சரிவில் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தான். கத்தரியின் அந்த வெட்டு விழுந்திருந்தது இரண்டு மாடுகளுக்கு இடையே.

மறுநாள் விமான நிலையம். அனுமதிக்குப் பதில் வந்திருக்கவில்லை. ஒளித்துக் கொண்டுபோவது எனக்குப் பழக்கமில்லை; ஒளித்தவர்களைப் பிடித்ததுதான் பழக்கம். நேராகப் போய் அறிவித்தேன். பொருளை அதன் கடைசிப் பாவனையின்படி விவரிக்க வேண்டும் என்பதால், "பறவை விரட்டும் நாடா, பாவித்தது" என்றேன். இளம் பெண் அலுவலர் ஒருவர் அதை விளக்குக்கு நேரே பிடித்தார்.

"இதில் ஒரு ஆள் இருக்கிறாரே" என்றார் சிங்களத்தில்.

"தபால்காரர்" என்றேன்.

இன்னும் கொஞ்சம் பார்த்தார். "பாவம், இந்த மேட்டில் சைக்கிள்" என்றார். போகச் சொன்னார். வினாகிரி மணம் அவர் கையில் தங்கியிருக்கும்.

ஜேர்மனியில் சங்கத்தின் செயலாளர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு சுருளைப் பிரித்தார். தையல் நூலைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டார். வைக்கோல் காட்சி இல்லையென்று தெரிந்ததும் எழுந்துவிட்டார். நீதவான் நடிகையின் தலைமுடிகூட இல்லை. ஜெஸீமா சந்தேகத்தின் பலனை அவருக்கு அளிக்கவில்லை. ஆனாலும் பொருள் அரியது, வரிசையில் சேர்த்துக்கொள்கிறோம், முறை வரும்போது சுத்தம் செய்து திரையிடும் நிலைக்குக் கொண்டுவருவோம் என்றார். முறை எப்போது வரும்? அடுத்த குளிர்காலத்துக்கு அடுத்த குளிர்காலம். எண்பது வயதுப் பெண்ணின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். வரிசையில் கண்ணுக்கென்று தனி இடம் இல்லை என்றார், வருத்தத்தோடு, மிகச் சரியான இலக்கணத்தில்.

புத்தளத்தில் பதிலுக்கு ஒரு சாக்கைக் கொடுத்ததும் காரியம் நடந்தது. இங்கே கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் சங்கம் பொருளைப் பாரமெடுத்த பற்றுச்சீட்டில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்துப் போடாதவரை பொருள் கொண்டுவந்தவருடையது. சுருளைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லி வெளியே வந்தேன்.

என் மகள் வைத்தியசாலையொன்றில் கதிர்ப்படப் பிரிவில் வேலை செய்கிறாள். எலும்புப் படம் பார்க்கும் பழைய விளக்குப் பெட்டி ஒன்று அங்கே கழித்து வைக்கப்பட்டிருந்தது. முறைப்படி எழுதிக் கேட்டு வாங்கி வந்தாள், என் மகள். அதன்மேல் வில்லி வரும் பகுதியை விரித்து ஒவ்வொரு சட்டமாகத் தொலைபேசியில் படமெடுத்தாள். விடுமுறை நாட்கள் எல்லாம் அதற்கே போயின. சேர்த்து ஓடவிட்டபோது ஒரு நிமிடம்கூட வரவில்லை. தையல் விழுந்த இடங்களில் படம் ஒரு துள்ளுத் துள்ளும். சத்தம் இல்லை.

ஹெல்கா தொலைக்காட்சிக்கு மிக அருகே, கதிரையைப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தார். நடுப்பார்வை போனவர்கள் ஓரக்கண்ணால்தான் பார்ப்பார்கள். வில்லி மலையில் இறங்கினார். பிரேக் பிடித்தார். பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். ஒரு கணம் திரும்பினார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"பெடல் சத்தம் போடும்" என்றார் ஹெல்கா. "எண்ணெய் விடு, எண்ணெய் விடு என்று கடைசிவரை சொன்னேன்."

மறுபடி போடச் சொன்னார். பிறகு இன்னும் பல தடவை. நான் ஜெஸீமாவின் கேள்வியைக் கேட்டேன். ஹெல்கா சிரித்துவிட்டுச் சொன்னார். இயக்குநர் வில்லியைச் சும்மா விடுகிற ஆள் இல்லையாம். கமெரா ஓடும்போது திடீரென்று 'உள்ளே போ, கழற்று' என்று கத்துவார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அதற்கு முதல்நாள் இரவு ஹெல்கா வில்லியிடம் போய், 'அவர் கத்தினால் என்னைப் பார். கதாநாயகியின் உடுப்பில் தையல் விட்டுவிட்டது என்று நான் அதைவிடப் பெரிதாகக் கத்துகிறேன்' என்று சொல்லியிருந்தார். அதுதான் அவர்கள் முதன்முதலாகப் பேசிக்கொண்டது. கமெராவுக்குப் பக்கத்தில், கையில் ஊசியும் நூலும் பிடித்துக்கொண்டு நின்றார். வில்லி பார்த்தது அவரைத்தான். இயக்குநர் கத்தவில்லை. அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

இதைத் தமிழில் சொல்லிப் பதிந்து, படத்தையும் சேர்த்துப் புத்தளத்துக்கு அனுப்பினேன். அன்றே பதில் வந்தது. பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

"அப்ப அந்த அம்மாவும் நம்மட வேலதானா? நெனச்சன் சேர். கடன்காரனையோ பொலிஸையோ பாக்கிற பார்வை இல்ல அது. அவவுக்குச் சலாம் சொல்லுங்க. தையல் கொஞ்சம் கோணல், அந்த மாசம் கையில வேல கூட எண்டு சொல்லுங்க."

ஹெல்காவிடம் சொன்னேன். தையல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இரட்டை நூல் போட்டிருக்கலாம் என்றார்.

வைத்தியர் சொன்ன கணக்குத் தவறவில்லை. இலையுதிர்காலத்தில் படிகளில் என்னைக் குரலால் அடையாளம் காணத் தொடங்கினார். முதல் பனி விழுந்தபோது தொலைக்காட்சியில் வெளிச்சம் இருப்பது மட்டும் தெரியும் என்றார். ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் கீழே இறங்கி வருவார். படத்தைப் போடுவோம். திரைக்கு முகத்தைத் திருப்பாமல், மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் எந்தக் குறிப்பும் கொடுப்பதில்லை. சத்தமில்லாத அந்தப் படத்தில் தபால்காரன் இறங்கி, பிரேக் பிடித்து, கடிதத்தை எடுப்பான்.

"இப்போது" என்பார் ஹெல்கா.

அப்போதுதான் அவன் திரும்புவான். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

நேற்றும் அப்படித்தான். படம் முடிந்து அவரை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு இறங்கும்போது தபால்பெட்டியைத் திறந்தேன். கொழும்பிலிருந்து கடிதம். தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. குறிப்பிட்ட பிரதியின் காட்சி உரிமைக் காலம் முடிவடைந்துவிட்டபடியால், அலுவலர் முன்னிலையில் வெட்டி அழிப்பதற்காக அதனை நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கவும். கையெழுத்து, பதவி முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. உறையின் மேல், நான் இத்தனை வருடம் இளைய அலுவலர்களுக்குக் கற்பித்த முறைப்படியே, கிடைத்த நாளைப் பென்சிலால் குறித்து வைத்தேன்: டிசம்பர் ஒன்பதாம் திகதி.